சட்டம் சுட்டிய கையேடு



'ஆய்வின் அடிப்படையில் அமைந்தது' என்னும் தொடரைப் பயிற்றுநூல்கள் பலவற்றின் அட்டையில் காண்கிறோம். அத்தொடரின் பொருளை அரசே வரையறுக்க முற்பட்டால் என்ன நிகழும்? அமெரிக்காவின் அனுபவம் இதற்கு நல்ல சான்றாகும்.

2002 சனவரியில் அதிபர் புஷ் கையொப்பமிட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது' சட்டத்தில், 'அறிவியல் அடிப்படையிலான ஆய்வு' என்னும் தொடர் நூறு முறைக்கு மேல் இடம்பெற்றது. அதற்குத் தரப்பட்ட விளக்கமோ மிகப் பொதுவானது. எந்த ஆய்வு அதனுள் அடங்கும் என்பது அதிகாரிகளின் கையில் இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் பெற்ற 'ரீடிங் ஃபர்ஸ்ட்' வாசிப்புத் திட்டத்தில் சில பாடத்திட்டங்களுக்குச் சலுகை காட்டப்பட்டதாகக் கல்வித்துறையின் உள்கண்காணிப்பு அலுவலகம் 2006-இல் குறை கூறியது. வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லையென 2008-இல் வெளியான மதிப்பீடு தெரிவித்தது.

இதற்கிடையே, 2002-இல் தொடங்கப்பட்ட 'வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ்' என்னும் அரசு அமைப்பு, கல்வி ஆய்வுகளை எடைபோடும் கையேடு ஒன்றை உருவாக்கியது. மாணவர் குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனவா, இடையில் விலகியோர் எத்தனை பேர் என்பன போன்றவை அதன் அளவுகோல்கள். கல்வித்துறை தன் மானிய விதிகளில் இக்கையேட்டைச் சுட்டியது. நூலை முழுமையாக அச்சிடாமல், பெயரையும் பதிப்பையும் குறிப்பிட்டு அதை விதியின் பகுதியாக்கலாம். 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழிவகுத்திருந்தது. இதனால் விண்ணப்பிப்போர் அனைவருக்கும் ஒரே அளவுகோல் கிடைத்தது.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. சுட்டப்பட்ட பதிப்புக்கே சட்ட வலிமை. புதிய பதிப்பு தானாக உள்ளே வந்துவிடாது. 2020-ஆம் ஆண்டு விதிகள் 4.1 வரையிலான பதிப்புகளைச் சுட்டின. 2022-இல் வெளிவந்த 5.0 பதிப்பு, 2024-இல் விதி திருத்தப்பட்ட பின்னரே உள்ளே வந்தது.

2025 பிப்ரவரியில் இவ்வமைப்பை நடத்திவந்த கல்வியியல் அறிவியல் நிலையத்தின் ஒப்பந்தங்கள் பல இரத்துச் செய்யப்பட்டன. மார்ச்சில் அதன் பணியாளர்களில் பெரும்பாலோர் பணிநீக்க அறிவிப்புப் பெற்றனர். விதியில் ஒரு கையேட்டின் பெயரைப் பொறித்துவிடலாம். அதைக் கொண்டு ஆய்வுகளைப் படித்து எடைபோட ஆட்கள் வேண்டுமே!

ஆசிரியர்களாகிய நாம் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று. 'ஆய்வு கூறுகிறது' என்று எவரேனும் ஒரு முறையை நம் வகுப்பறைக்குக் கொண்டுவந்தால், எந்த ஆய்வு, எந்த அளவுகோலால் எடைபோடப்பட்டது, எடைபோட்டவர் யார் என்று பணிவுடன் கேட்போம். அந்த வகுப்பறையில் அமர்ந்திருப்போர் நம் பிள்ளைகள் அல்லவா?