ஒரு கிணறு, ஒரு பந்தி, ஒரு சாலை

பலர் ஓரிடத்தில் வாழ்வதனாலேயே சமுதாயம் அமைந்துவிடுமா? சந்தையிலும் பலர் கூடுகின்றனர். பொழுது சாய்ந்ததும் கலைகின்றனர். ஒரே கிணற்றில் நீர் முகக்கவும், ஒரே பந்தியில் உண்ணவும், ஒரே சாலையில் நடக்கவும் அனைவரும் உரிமை பெறும்போதே கூட்டம் சமுதாயமாகின்றது. திருவிதாங்கூர் வரலாறு இதற்குச் சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டில் இம்மூன்றும் பொதுவாயிருக்கவில்லை. ஒருவன் எங்கே நிற்கலாம், எதை உடுக்கலாம் என்பதைப் பிறந்த குலமே வரையறுத்தது. இதனை எதிர்த்தோருள் அய்யா வைகுண்டர் (1809–1851) முன்னோடி. இன்றைய குமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் அவர் அமைத்த முத்திரிக் கிணறு எல்லாக் குலத்தார்க்கும் பொதுவாயிற்று. அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது; அவர்தம் கொள்கையைச் சிறைவைக்க இயலவில்லை.

அடுத்து நினைக்கத்தக்கவர் தைக்காட்டு அய்யாவு சுவாமிகள். தமிழகத்தில் பிறந்த இவர், 1873இல் இந்நகரத்து ஆங்கிலேய ரெசிடென்டின் மாளிகையில் மேற்பார்வையாளராகப் பணியேற்றார். நம்மைப் போன்றே அலுவலின் பொருட்டு இங்கு வந்து வாழ்ந்தவர். ஆயினும் அலுவல் முடிந்ததும் கதவடைத்துக்கொண்டவர் அல்லர். சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் யோகம் பயின்றனர். அய்யன்காளியும் அவரை நாடி வந்தார். குல வேறுபாடு பாராது அனைவரையும் ஒரு வரிசையில் அமர்த்தி அவர் உண்பித்தார். இகழ்ந்தோர் பலர், அவர் பந்தியைக் கலைக்கவில்லை.

அவருடன் பழகியோர் தத்தம் வழியில் அப்பணியைத் தொடர்ந்தனர். 1888இல் நாராயண குரு அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவினார். 1893இல் அய்யன்காளி, தம்மவர்க்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்லுவண்டி ஏறிச் சென்றார். பள்ளிக் கதவு நம் பிள்ளைகளுக்குத் திறவாதாயின் நாம் வயலில் இறங்கோம் என உழவுத் தொழிலாளரையும் திரட்டினார். இத்தகைய முயற்சிகள் பல திரண்டதன் பயனாக, 1936 நவம்பர் 12ஆம் நாள் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார்.

சமுதாயமே மனிதனை ஆக்குகின்றது என்பர் சிலர். மனிதனே சமுதாயத்தை ஆக்குகின்றான் என்பர் வேறு சிலர். இவ்வரலாறு இரண்டையும் இணைத்துக் காட்டுகின்றது. ஒருவர் துணியாது வழி திறவாது; பலர் நடவாது அவ்வழி சாலையாகாது.

பிறமொழி வழங்கும் நகரில் நாம் தமிழுக்கெனச் சங்கம் கண்டுள்ளோம்; அது வேண்டுவதே. தைக்காட்டு அய்யாவோ தமிழராகவே வாழ்ந்து, இம்மண்ணின் மக்களுக்கு ஆசானுமானார். நம் பந்தியிலும் அண்டை வீட்டார்க்கு ஓர் இலை விரிக்கப்படுமாயின், அவர் தொடங்கிய வரிசை இன்னும் நீளும்.