எழுதியவரும் வரைந்தவரும்

கனமூலையிலிருந்து புத்தளம் போய் பஸ் மாறினால் அநுராதபுரம் சென்றுவிடலாம். 'பொன்னியின் செல்வன்' வாசித்த எங்களில் பலருக்கு அது அருள்மொழிவர்மர் நடமாடிய நகரம். அந்த இளவரசரை எங்கள் மனத்தில் பதித்தவர் கல்கி மட்டுமல்லர். ஓவியர் மணியமும் ஆவார்.

ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற கல்கி, 1941இல் டி. சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார். கதை எழுதுபவரே பத்திரிகை நடத்துபவராகவும் இருந்ததால், ஓவியருக்கு வேண்டிய வசதியை அவரால் செய்துகொடுக்க முடிந்தது. 'சிவகாமியின் சபதம்' கதைக்காக மணியத்தை அஜந்தாவுக்கு அழைத்துச் சென்றார். 'பொன்னியின் செல்வ'னுக்காக இலங்கைக்கும் அழைத்து வந்தார். பழைய ஓவியங்களையும் சிலைகளையும் நேரில் கண்டு வரைந்தமையால், மணியத்தின் கொண்டையும் அணிகலனும் நாடக வேடமாகத் தோன்றவில்லை.

1950 ஒக்டோபரில் தொடங்கிய தொடர் 1954 மே வரை மூன்றரை ஆண்டுகள் வந்தது. வாரந்தோறும் அத்தியாயமும் படமும் சேர்ந்தே அச்சுக்குப் போகவேண்டும். ஒருவர் தாமதித்தால் மற்றவர் உழைப்பும் நின்றுவிடும். அவ்வாண்டு டிசெம்பரில் கல்கி காலமானார். மணியம் 1968இல் மறைந்தார். பின்வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் படங்கள் இல்லை. ஆயினும் வந்தியத்தேவனும் நந்தினியும் மூத்த வாசகர் நினைவில் மணியம் தந்த முகத்தோடுதான் வாழ்கின்றனர்.

எங்கள் கையெழுத்துச் சஞ்சிகைகளில் கட்டுரைக்குக் கீழே பெயர் இருக்கும். அட்டைப்படம் வரைந்த மாணவியின் பெயர் இராது. அக்குறை இம்மலரில் நேராதபடி, வரைந்த சகோதரிகளின் பெயர்களையும் எழுதியவர்களின் பெயர்களோடு ஒரே எழுத்தளவில் அச்சிட்டுள்ளோம்.