மலை பார்த்த வாசல்கள்

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் கீழ்பென்னாத்தூரில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. மாடியேறி மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 2,668 அடி உயர அண்ணாமலையின் உச்சியில் சுடர் தெரிந்ததும் தெருவெங்கும் "அரோகரா" எழும். அதற்குப் பிறகுதான் வாசலில் அகல் ஏற்றுவார்கள். அகலுக்கு எண்ணெய் விடுகிறவர்களில் கறுப்பு சிவப்புக் கரைவேட்டிக்காரரும் உண்டு, இரட்டை இலைக்காரரும் உண்டு.

சமயச் சார்பு நாட்டின் அரசியலை எப்படி அசைக்கிறது என்பதை ஆராய நான் இந்த வாசலிலிருந்துதான் தொடங்குவேன். 1957 பொதுத்தேர்தலில் தி.மு.க. முதன்முறையாகக் களம் இறங்கியது. கடவுள் மறுப்பாளர் கட்சி என்று பெயர் வாங்கியிருந்த காலம் அது. அந்தக் கட்சிக்கு அன்று கிடைத்த மக்களவை உறுப்பினர்கள் இரண்டே பேர். நாமக்கல்லில் ஈ.வெ.கி. சம்பத், இன்னொருவர் இரா. தர்மலிங்கம். தர்மலிங்கம் வென்ற தொகுதி எது தெரியுமா? திருவண்ணாமலை. பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்குரிய ஊர்! பக்தி குறைந்துவிட்டதா என்றால், இல்லை. கிரிவலக் கூட்டம் அதற்குப் பின் பெருகித்தான் இருக்கிறது. நம்மவர் சாமி கும்பிடும் கணக்கையும் ஓட்டுப் போடும் கணக்கையும் வேறு வேறு ஏட்டில் எழுதுகிறார்கள்.

ஆனால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது என்று சொல்லிவிட முடியாது. பக்கத்துத் திண்டிவனம் வட்டாரத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ரமண மகரிஷியிடமும் வள்ளலார் நெறியிலும் தோய்ந்தவர். 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார். அதே ஆண்டில் ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் வந்தன. 1951இல் நிறைவேறிய அறநிலையச் சட்டத்துக்கான அடித்தளமும் அவர் காலத்தில் போடப்பட்டதுதான். "தாடியில்லாத ராமசாமி" என்று வைதிகர்கள் அவரை ஏசினார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர்களும் அவரைக் கோயிலுக்குப் பகைவர் என்றார்கள். அவரோ பதவியை விட்ட பின் வடலூருக்குப் போய்த் தொண்டில் இறங்கினார். பக்திமான் அரசியலுக்கு வந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மதம் மாறிய ஒரு சிற்றூர் தில்லியைத் திரும்பிப் பார்க்க வைத்ததும் நம் மாநிலத்தில்தான். 1981 பிப்ரவரியில் நெல்லை மாவட்டம் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. வாஜ்பாய் உட்படத் தலைவர்கள் அந்த ஊருக்கு வந்தார்கள். நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. விசுவ இந்து பரிஷத் 1983இல் நடத்திய ஏகாத்மதா யாத்திரைக்கும், தொடர்ந்து அயோத்தியை நோக்கிப் போன அரசியலுக்கும் இந்தச் சிற்றூர் ஒரு தூண்டுகோல். அங்கிருந்தவர்கள் சொன்ன காரணமோ சாதி இழிவு. தில்லி அதை மதக் கணக்கில் மட்டும் வரவு வைத்தது. அந்தத் தவறான வாசிப்புக்கு நாடு கொடுத்த விலை பெரிது என்றே நினைக்கிறேன்.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 2002இல் மத்திய தொல்லியல் துறை அண்ணாமலையார் கோயிலைத் தேசியச் சின்னமாக எடுத்துக்கொள்ள முனைந்தபோது திருவண்ணாமலையில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் கோயில் அறநிலையத்துறையிடமே திரும்பியது. அங்கே எழுந்த கேள்வி எந்த மதம் என்பதல்ல, கோயில் யாருடையது என்பது.

அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. தண்டராம்பட்டு அருகே தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள், அவ்வூர்த் தலித் மக்கள் காவல்துறை சூழ, அதிகாரிகள் முன்னிலையில் முதன்முதலாகக் கால் வைத்தது 2023 ஜனவரி 30 அன்று. ஓமந்தூராரின் சட்டத்துக்கு அப்போது வயது 76 ஆகப்போகிறது.