இது என்னோட வாக்கியம்தானா?

எழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போனா வாத்தியார் முதல்ல சொல்றது, "உங்க வாழ்க்கையில நடந்ததை எழுதுங்க" என்பதுதான். நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே அறிவுரை ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயமா இருந்துச்சுன்னு இன்னைக்குப் பார்க்கலாம். அவங்க ஹெலன் கெல்லர்.

1880-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோயில் பார்வையும் கேட்கும் திறனும் போய்விட்டன. ஆசிரியை ஆன் சல்லிவன் உள்ளங்கையில் விரலால் எழுத்தெழுத்தாகச் சொல்லித்தான் மொழி வந்தது. அவருக்குத் தெரிந்த சொற்கள் இன்னொருவர் கை வழியாகவோ, தடவிப் படித்த புத்தகம் வழியாகவோ வந்தவை.

11 வயதில் உறைபனி அரசனைப் பற்றி ஒரு கதை எழுதி, பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியின் இயக்குநருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். அது அச்சிலும் வந்தது. அப்புறம்தான் தெரிஞ்சது, மார்கரெட் கேன்பி ஏற்கெனவே எழுதின கதை மாதிரியே அது இருக்குன்னு. எப்பவோ யாரோ வாசிச்சுக் காட்டியிருக்காங்க. கேட்டது மறந்துபோச்சு, சொற்கள் மட்டும் மனசுல தங்கிடுச்சு. 1892-ல் பள்ளியில் குழு போட்டு அந்தச் சின்னப் பெண்ணை விசாரிச்சாங்க. அதுக்கப்புறம் அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போதுகூட, "இது என்னோட வாக்கியம்தானா?"ங்கிற பயம்.

1900-ல் ராட்க்ளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கட்டுரை வகுப்பு எடுத்தவர் சார்லஸ் டவுன்சென்ட் கோப்லண்ட். மற்ற எழுத்தாளர்களைப் போல எழுதப் பார்த்த ஹெலனை, அவருடைய சொந்த அனுபவத்தின் பக்கம் திருப்பியவர் அவர். அந்த வகுப்புக்குத் தட்டச்சு செய்த கட்டுரைகளிலிருந்து ஹெலனின் சுயசரிதை வளர்ந்தது. 1902-ல் லேடீஸ் ஹோம் ஜர்னல் பத்திரிகையில் தொடராகவும், 1903-ல் புத்தகமாகவும் வந்தது.

அந்தப் புத்தகம்னா எல்லாரும் அடிபம்புக் காட்சியைத்தான் சொல்வாங்க. எனக்கு 14-வது அத்தியாயம். அந்தத் திருட்டுப் புகாரை மறைக்காம அங்கே எழுதுறாங்க. எது படிச்சது, எது தானா யோசிச்சதுன்னு இப்பவும் சில நேரம் பிரிக்கத் தெரியலைன்னு ஒத்துக்கிறாங்க.

சொற்களை நாம எல்லாருமே கேட்டுப் பழகித்தான் எடுத்துக்கிறோம். ஆனா விசாரணைக்குப் போன அந்தச் சிறுமியோட பயத்தை வேற யாரும் முன்னாடியே எழுதியிருக்க முடியாது. அதை எழுதும்போது திருட்டுப் பட்டம் கட்ட யாருக்கும் வழியில்லை.