ஸ்டாக்ஹோமிலிருந்து சோலூருக்கு

எனக்கு கிட்டார் கற்றுக்கொடுத்த அண்ணன், வெஸ்டர்ன் கிளாசிக்கல் இசைக்குறிப்புகளைக் கையாலேயே நகலெடுத்து ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். யாருக்கும் இரவல் தரமாட்டார். அவர் காலமானதும் பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. நானும் ஒருநாள்கூடக் கேட்டு வாங்கி நகலெடுக்கவில்லை.

சுவீடனில் கார்ல் ஆஸ்கர் போயே (1849–1923) என்றொருவர் இருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனி உத்தியோகஸ்தர். வீட்டுக்கு வீடு பியானோ வந்து கிட்டார் மதிப்பிழந்திருந்த காலத்தில், அச்சுப் பிரதி, கையெழுத்துப் பிரதி என்று அதன் இசையைத் தேடித்தேடிச் சேர்த்தார். சாகும்போது எல்லாவற்றையும் ஸ்டாக்ஹோம் இசைக் கழகத்து நூலகத்துக்கு எழுதிவைத்தார். பிற்காலத்தில் நூலகம் அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்தது. இயற்றியவர்களில் பெரும்பாலோர் மறைந்து நூறாண்டு கடந்ததால் அவர்கள் படைப்புகளுக்குக் காப்புரிமைத் தடையும் இல்லை.

1856-இல் இறந்த மெர்ட்ஸ் எழுதியதைப் பேரன் இறக்கித் தந்தான். சோலூரில் மூடுபனி இறங்கும் சாயங்காலங்களில், விரல் மரத்தாலும், மெல்ல வாசிக்கிறேன்.

இருவருமே ஆசையாகச் சேர்த்தவர்கள்தான். கொடுத்துவிட்டுப் போனவருடையது மிஞ்சியது. உங்கள் வீட்டிலும் பழைய பாட்டு நோட்டு இருக்குமே? போனில் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிடுங்கள்.