இரவல் உடையும் சொந்த முகமும்: உருவப்பட ஒளிப்படத்தில் உடைத்தெரிவின் வரலாறு பற்றிச் சில கருத்துகள்

1

ஒளிப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் போக்கு ஆய்வாளரிடையே வலுப்பெற்றுள்ளது. பழைய படமொன்று கிடைத்ததும் அதிலுள்ளோர் யாவர், அது எவ்வாண்டில், எவ்விடத்தில் எடுக்கப்பட்டது என்பன போன்ற வினாக்களை நாம் எழுப்புகின்றோம். ஆயின் படத்திலிருப்பவரின் உடையைத் தெரிவு செய்தவர் யார் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. உடை அவருடையதே என்றும், அவர் நாளாந்தம் உடுத்ததே என்றும் எண்ணிவிடுகின்றோம். அல்லது அது இரவல் எனத் தெரிந்தால் பொய்த்தோற்றம் என ஒதுக்கிவிடுகின்றோம். இவ்விரு முடிவுகளும் அவசரமானவை என்பதே எமது கருத்தாகும். உருவப்படத்துக்கு வருவோர் எதனை உடுக்க வேண்டும் என்பது தொடக்கம் முதலே இரசாயனத்தாலும் வர்க்கத்தாலும் அதிகாரத்தாலும் தீர்மானிக்கப்பட்டு வந்தது. அத்தீர்மானம் யாருடைய கையில் இருந்தது என்பதைக் கொண்டே படத்தின் வரலாற்றுப் பெறுமதியை நாம் மதிப்பிடல் வேண்டும்.

2

முதலில் இரசாயனத்தை நோக்குவோம். 1851ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் ஈரத்தகட்டு முறை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உருவப்படத் தொழிலில் கோலோச்சியது. இத்தகடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணர்ந்தது. சிவப்பையும் மஞ்சளையும் பெரும்பாலும் உணரவில்லை. ஆகவே வெளிர்நீலப் பட்டு படத்தில் வெள்ளையாயிற்று. மஞ்சளும் செம்மையும் கருமையாயின. கண்ணுக்கு எடுப்பாகத் தோன்றிய உடை தகட்டில் வேறொன்றாகியது. இதனாலேயே ஒளிப்படக்காரர் தம்மிடம் வருவோருக்கு உடைபற்றி முன்கூட்டியே அறிவுரை கூறத் தொடங்கினர். தூய வெள்ளையும் வெளிர்நீலமும் தவிர்க்கத்தக்கவை, நடுத்தர அடர்த்தியுள்ள நிறங்கள் ஏற்றவை, கருவெல்வெட்டு வெறும் கரும்பரப்பாகிவிடும் என்ற வகையில் அவை அமைந்தன. 1872ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் எச். ஜே. ரொஜர்ஸ் என்ற ஒளிப்படக்காரர் தமது இருபத்துமூன்று ஆண்டுத் தொழில் அனுபவத்தை நூலாக்கியபோது, எவ்வகை நிறத்தவர் எவ்வகை உடையில் வரவேண்டும் என்பதையும் அதில் விரித்துரைத்தார்.

இவ்வறிவுரை தொழில்நுட்பம் சார்ந்ததே எனினும், அதன் விளைவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. நீலத்தை மட்டும் உணரும் தகடு வெயிலில் உழைத்துக் கறுத்த முகத்தையும் இயல்பான மாநிறத்தையும் உள்ளதைவிடக் கருமையாகவே காட்டும். கரிய முகமும் வெண்ணிற ஆடையும் ஒரே தகட்டில் அமையும்போது, முகத்துக்கு வேண்டிய ஒளியைக் கொடுத்தால் ஆடையின் மடிப்புகள் மறைந்துபோகும்; ஆடைக்கு வேண்டியதைக் கொடுத்தால் முகம் இருண்டுவிடும். வெள்ளை வேட்டியையும் சால்வையையும் மங்கல உடையாகக் கொண்ட எம்மவர் போன்றோருக்கு இத்தகடு இயல்பிலேயே இணங்கவில்லை எனலாம். 1873இல் ஜேர்மனியரான ஹேர்மன் வோகல், சாயங்களைச் சேர்ப்பதன் மூலம் தகட்டின் உணர்திறனைப் பச்சை வரையில் விரிக்கலாம் எனக் கண்டார். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமற்றிக் தகடு 1906இலேயே இலண்டனில் விற்பனைக்கு வந்தது. அதுவரையில் எவ்வுடை படத்துக்குப் பொருந்தும் என்ற விதி இத்தகட்டின் குறைபாட்டிலிருந்தே பிறந்தது. அவ்விதியோ குறைபாடு தகட்டினுடையது என்று கூறவில்லை; வருபவரின் நிறத்தையும் உடையையுமே திருத்தச் சொன்னது.

3

இரண்டாவது காரணி வர்க்கமாகும். 1854இல் பாரிசு நகரத்து ஒளிப்படக்காரரான டிஸ்டேரி ஒரே தகட்டில் பல படங்களை எடுத்து முகவரி அட்டை அளவில் ஒட்டித்தரும் முறைக்கு உரிமம் பெற்றார். உருவப்படத்தின் விலை சரிந்தது. முன்பு ஓவியனை அமர்த்த வசதிபடைத்தோருக்கே உரியதாயிருந்த உருவப்படம் கடைக்காரருக்கும் எழுதுவினைஞருக்கும் எட்டக்கூடியதாயிற்று. 1860இல் மேயல் வெளியிட்ட அரச குடும்பத் தொகுப்பில் விக்ரோறியா மகாராணியும் அவர் கணவரும் முடியும் அரச அங்கியும் இன்றி, வசதியான மத்தியதர வர்க்கத் தம்பதியர் போன்றே தோன்றினர். ஆளும் குடும்பம் மத்தியதர வர்க்கத்தின் உடையைத் தன் படத்துக்குத் தெரிந்தெடுக்க, கீழ்நிலையில் இருந்தோரும் அதே உடையை நாடினர். கருங்கோட்டு ஒரு பொதுச் சீருடையாயிற்று.

பெரும்பாலான உழைப்பாளிகளின் கைவசம் அத்தகைய உடை ஒன்றுக்கு மேல் இருக்கவில்லை. பலரிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. ஞாயிறு வழிபாட்டுக்கும் திருமணத்துக்கும் பேணிய உடையே படத்துக்கும் உடுக்கப்பட்டது. அதுவும் இல்லாதவருக்கு ஒளிப்படக்கூடமே உடையை வழங்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் தோன்றியது. ஸ்ரூடியோச் சுவரிற் கோட்டும் கழுத்துப்பட்டியும் தொங்கியதை எம்மிற் பலரும் கண்டதுண்டு.

4

மூன்றாவது காரணி அதிகாரம். இங்கு அறிவுரை கட்டளையாக மாறிவிடுகின்றது. 1850ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஹாவர்ட் பல்கலைக்கழகத்து இயற்கை விஞ்ஞானி லூயி அகாசியின் வேண்டுகோளுக்கிணங்க, ஜோசப் ஸீலி என்பவர் அடிமைகளாயிருந்த ஆபிரிக்கரைப் படமெடுத்தார். ரெண்டி என்பவரும் அவர் மகள் டெலியாவும் இடுப்புவரை ஆடை களையப்பட்ட நிலையிலேயே அப்படங்களில் உள்ளனர். இனங்கள் வெவ்வேறாகப் படைக்கப்பட்டன என்ற கொள்கைக்கு அவை சான்றாகக் கருதப்பட்டன. இப்படங்கள் யாருக்கு உரியவை என்ற வழக்கு 2019இல் தொடுக்கப்பட்டது. ரெண்டியின் வழித்தோன்றல் எனத் தம்மைக் கூறும் பெண்மணி தொடுத்த அவ்வழக்கு 2025இல் இணக்கத்தில் முடிவுற்று, படங்கள் அப்பல்கலைக்கழகத்தின் கையை விட்டு அகல வழி பிறந்தது.

உடையைக் களைவது போன்றே உடுத்துவதும் அதிகாரத்தின் கருவியாயிற்று. 1879இல் பென்சில்வேனியா மாநிலத்தின் காலைல் என்னுமிடத்தில் அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்கென நிறுவப்பட்ட விடுதிப் பாடசாலையில், பிள்ளைகள் சேரும்போது ஒரு படமும் சில காலத்தின்பின் மற்றொரு படமும் எடுக்கப்பட்டன. நவஹோ இனத்தவரான ரொம் ரோர்லினோவின் 1882ஆம், 1885ஆம் ஆண்டுப் படங்கள் இவற்றுள் பிரசித்தமானவை. முன்னதில் நீண்ட கூந்தலும் அணிகலன்களும். பின்னதில் வெட்டிய தலைமயிரும் கோட்டும் கழுத்துப்பட்டியும். நாகரிகப்படுத்தல் வெற்றிபெற்றது என்பதற்கு இவ்விணைப்படங்கள் சான்றாகக் காட்டப்பட்டன. எட்வேட் கேட்டிஸ் இதற்கு எதிர்த்திசையிற் சென்றவர். 1907 தொடக்கம் 1930 வரை இருபது தொகுதிகளாக வெளிவந்த அவரது பெருநூலுக்கென அவர் சிலருக்குப் பழைய பாணி உடைகளைத் தாமே கொடுத்து உடுக்கச் செய்தார். கூடாரத்தினுள் எடுத்த படமொன்றிலிருந்து கடிகாரத்தை அழித்தும்விட்டார். காலைலில் பழமை அழிக்கப்பட்டது. கேட்டிசிடம் நிகழ்காலம் அழிக்கப்பட்டது. இரண்டிலும் உடையைத் தெரிந்தவர் படத்தில் இல்லாத ஒருவரே.

5

இப்பின்னணியில் இலங்கையை நோக்கின் சில உண்மைகள் தெளிவாகின்றன. கோல்புறூக்–கமரன் விசாரணையால் எமது வரலாற்று மாணவர் அறிந்த சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன் ஆங்கில ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். 1875இல் தம்பதியர் இலங்கையிலிருந்த தம் கோப்பித் தோட்டங்களை நாடி வந்தனர். 1879இல் அம்மையார் இங்கேயே காலமானார். 1877இல் தாவர ஓவியரான மரியான் நோர்த் களுத்துறையில் இவர்களது இல்லத்துக்கு வந்தபோது, அம்மையார் அவரைக் கம்பளிப் போர்வையால் அலங்கரித்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகளின் முன்னே நிறுத்திப் படமெடுத்தார். ஓலை நுனிகள் தலையிற் குத்திய சங்கடத்தை நோர்த் தம் நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையோடு பதிவு செய்துள்ளார். அதே இல்லத்தின் சூழலில் வாழ்ந்த உழைப்பாளரும் கமரன் அம்மையாரின் படங்களில் உள்ளனர். அவர்களிற் பெரும்பாலோரின் பெயர்கூட எமக்குக் கிடைக்கவில்லை. தமக்கு உடுத்தப்பட்டது பற்றியோ தாம் நிறுத்தப்பட்ட முறை பற்றியோ அவர்கள் என்ன நினைத்தனர் என்பதை எழுதிவைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. ஒரே ஒளிப்படக்காரரின் முன்னே நின்ற இரு வர்க்கத்தாரிடை நிலவிய வேறுபாடு இதுவாகும்.

ஸ்கீன், ஸ்கோவன், பிளாற்றே முதலிய வணிக ஒளிப்பட நிறுவனங்களின் படங்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். கட்டணம் செலுத்தி வந்த பிரமுகர் தம் உடையைத் தாமே தெரிந்தார். அவர் பெயர் நிலைத்தது. பயணிகளுக்கு விற்கவென எடுக்கப்பட்ட படங்களில் 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்பவள்', 'றொடியப் பெண்' என்ற வகைப்பெயர்களே உள்ளன. றொடியப் பெண்கள் மேலாடையின்றிக் காட்டப்பட்டமை தனியே கவனிக்கத்தக்கது. கண்டி இராச்சியத்துச் சாதி வழமை அவர்களுக்கு மேலாடையை மறுத்திருந்தது. ஒளிப்பட வணிகம் அவ்விழிவை இயற்கைக் காட்சி போலாக்கி விற்றது. நிலமானிய ஒடுக்குமுறையும் குடியேற்ற வணிகமும் ஒரே படத்தில் கைகோத்தன.

1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவிய ஆனந்த குமாரசுவாமி, அதே ஆண்டில் 'இரவல் இறகுகள்' எனப் பொருள்படும் தலைப்பிற் சிறு வெளியீடொன்றை எழுதி, எம்மவர் ஐரோப்பிய உடையை மேற்கொள்வதைக் கண்டித்தார். ஆங்கிலம் கற்ற உயர்குழாத்தின் போலித்தனம்மீது வீசப்பட்ட அக்கணை பொருத்தமானதே. வெப்ப நாட்டில் கம்பளிக் கோட்டணிந்து கூடத்தில் நின்றவர் ஆட்சியாளரின் சாயலையே நாடினார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இக்கண்டனத்தை எல்லோருக்கும் பொதுவாக்குதல் இயலாது. 'சொந்த உடை' என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் நீண்டகாலம் போராடிய பின்னர், 1859ஆம் ஆண்டுப் பிரகடனத்தினாலேயே மார்பை மறைக்கும் உரிமையைப் பெற்றனர். யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடையும் நகையும் அணிவது இருபதாம் நூற்றாண்டிலும் தடுக்கப்பட்டு வந்தது. இத்தகையோருக்கு மரபுடை என்பது சாதியத்தின் ஆணையே. அவர்களுள் ஒருவர் இரவற் சட்டை அணிந்து படமெடுத்திருப்பின், அச்செயலைப் பிரமுகரின் கோட்டோடு ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நீதியாகாது.

6

இரவல் உடையோ தெரிந்தெடுத்த உடையோ விடுதலையின் மொழியாக அமையலாம் என்பதற்குச் சான்றுகள் உள. அடிமையாய்ப் பிறந்து விடுதலைக்குப் பாடுபட்ட சொஜேனர் துரூத் 1860களில் தம் படத்தை அட்டைகளாக விற்று வாழ்க்கைக்கும் பணிக்கும் பொருளீட்டினார். 1864இல் அப்படத்தின் பதிப்புரிமையைத் தம் பெயரிலேயே பதிந்தார். வெண்தொப்பி, சால்வை, கருநிற உடை, கையிற் பின்னல் வேலை என்ற தோற்றம் கண்ணியமான ஒரு மூதாட்டியினது. பிரெடெரிக் டக்ளஸ் நூற்றறுபதளவான உருவப்படங்களுக்கு அமர்ந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கரில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்டவர் அவரே என்பர். செம்மையான கருங்கோட்டும் இறுகிய பார்வையும் அவர் இடைவிடாது பேணிய தெரிவாகும். ஸீலியின் தகடுகளில் உடை களையப்பட்ட மக்களுக்காக இவ்விருவரின் உடையும் வாதாடியது.

மாலி நாட்டின் பமாக்கோ நகரில் 1948இல் கூடம் திறந்த செய்டு கெய்ற்றா இவ்வரலாற்றின் பிறிதொரு கட்டத்தைக் காட்டுகின்றார். அவரிடம் ஐரோப்பிய உடைகள், கைக்கடிகாரம், பேனா, வானொலிப் பெட்டி முதலியன இருந்தன; வருவோர் வேண்டியதை எடுத்துக்கொண்டனர். பெண்கள் பலர் தம் சொந்த உடையில் வந்து, துணியின் கோலம் நன்கு தெரியுமாறு அதனை விரித்தமர்ந்தனர். அவரது முதற் பின்திரை அவருடைய கட்டில் விரிப்பே. ஒளிப்படக்காரர் இங்கும் ஆலோசனை கூறினார். ஆனால் தெரிந்தவர் படத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்பவரே. விடுதலையை நோக்கி நகர்ந்த ஒரு நகரத்தின் மக்கள் தாம் எவ்வாறு காணப்பட விரும்பினர் என்பதை அப்படங்கள் எமக்குத் தெரிவிக்கின்றன. கோட்டு இரவல் என்பதனால் அவ்விருப்பம் பொய்யாகிவிடாது.

7

எனவே உருவப்படத்தை ஆராய்வோர் உடையைத் தெரிந்தவர் யார், படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார், படம் யாருடைய கைக்குப் போய்ச்சேர்ந்தது என்பவற்றை ஒருங்கே ஆராய்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருவரையே சுட்டுமாயின் அப்படம் அவர் தம்மைப் பற்றித் தாமே அளித்த வாக்குமூலமாகும். வெவ்வேறு ஆட்களைச் சுட்டுமாயின் அவர்களிடை நிலவிய உறவையே நாம் ஆராய வேண்டியவராகின்றோம்.

எமது நாட்டில் இப்பணி காலத்தாழ்வை ஏற்காது. 1995ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்விலும் அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த அழிவுகளிலும் எண்ணற்ற குடும்பங்களின் படத்தொகுப்புகள் தொலைந்தன. எஞ்சியவற்றில் உள்ளோரை அடையாளங்காணத்தக்க முதியோரும் மறைந்து வருகின்றனர். பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடாது, அந்தச் சேலை யாருடையது, சங்கிலி யாரிடம் வாங்கியது, சட்டை கூடத்தினதா வீட்டினதா என்பவற்றையும் அவர்களிடம் கேட்டுப் படத்தின் பின்புறத்தில் எழுதிவைத்தல் வேண்டும். அயல்வீட்டுச் சங்கிலியை அணிந்து நின்ற ஒரு பெண்ணின் படம், ஒரு கிராமத்தின் கடன் உறவுகளையும் சாதி எல்லைகளையும் அவளது விருப்பத்தையும் ஒருங்கே கூறவல்லது. அதைக் கேட்டறிய இன்னும் சிறிது காலமே எமக்கு உண்டு.