112 அடி மனுவும் ஆங்கிலத் தாளும்

1893 டிசம்பரில் சென்னையில் பறையர் மகாஜன சபை கூட்டிய கூட்டத்திலிருந்து ஒரு மனு புறப்பட்டது. அதன் நீளம் 112 அடி. அதில் 3412 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் முன்னின்று தயாரித்த அந்த மனு, ஜெனரல் செஸ்னி என்ற உறுப்பினர் வழியாக லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது. கோரிக்கை இதுதான்: ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவில் நடத்த வேண்டாம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மறுக்கிறார்கள். தேர்வு மையம் பக்கத்து மாவட்டத்தில் விழுந்தாலே பஸ் காசுக்கு அலைகிறவர்கள் நாம். தேர்வை நம் ஊரில் வைக்காதே, லண்டனிலேயே வைத்துக்கொள் என்று நம் முன்னோர்கள் ஏன் கேட்க வேண்டும்?

அந்த ஆண்டு ஜூன் 2 அன்று காமன்ஸ் சபையில் ஹெர்பர்ட் பால் கொண்டுவந்த தீர்மானம் 84-க்கு 76 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியிருந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது தீர்மானம். தாதாபாய் நவுரோஜியும் காங்கிரசும் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது அது. கப்பல் கட்டணம், லண்டனில் தங்கும் செலவு, குறைந்த வயது வரம்பு என்று இந்தியர்களை வடிகட்ட எத்தனையோ இருந்தன. அந்த வகையில் கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் தேர்வு இங்கே வந்தால் அதில் தேறப்போவது யார், தேறி நம் ஊருக்கு அதிகாரியாக வரப்போவது யார் என்ற கேள்வியை காங்கிரஸ் கேட்கவில்லை. சேரி கேட்டது.

அந்தப் பயம் கற்பனை அல்ல. சென்னை மாகாணத்தில் மாகாண சிவில் சர்வீசுக்கு 1892 முதல் 1904 வரை நடந்த போட்டித் தேர்வுகளில் தேறியவர்கள் 16 பேர். அவர்களில் 15 பேர் பார்ப்பனர்கள். இந்தக் கணக்கை 1913-இல் ராயல் கமிஷன் முன் வைத்தவர் அலெக்சாண்டர் கார்டியூ என்ற வெள்ளைக்கார அதிகாரி. பின்னாளில் பார்ப்பனரல்லாதார் இயக்கம் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே சேரிக்கு இது தெரிந்திருந்தது.

தேசிய வரலாறு எழுதியவர்களுக்கு இந்த மனு வெள்ளைக்காரனுக்குக் காவடி தூக்கிய கதை. நாங்கள் அப்படி வாசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டி வைத்துவிட்டுத் தேர்வு மண்டபத்தை மட்டும் திறப்பது போட்டி ஆகாது என்று சொன்ன முதல் ஆவணங்களில் ஒன்றாகவே அதை வாசிக்கிறோம். அந்த வாதத்தை இன்றைய ஆங்கிலத் தாளுக்கும் நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு 1854-க்குப் போக வேண்டும். கம்பெனி வேலைகளைச் சிபாரிசில் நிரப்பும் வழக்கத்தை 1853 சாசனச் சட்டம் முடித்து வைத்தது. எப்படித் தேர்வு வைப்பது என்று சொல்ல மெக்காலே தலைமையில் குழு போட்டார்கள். அந்தக் குழு பரிந்துரைத்த மொத்த மதிப்பெண் 6875. அதில் ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, இலக்கியம் மூன்றுக்கும் சேர்த்து 1500. கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. இந்தியாவை ஆளப் போகிறவனுக்கு வைத்த தேர்வில் தமிழோ மராத்தியோ வங்காளமோ ஒரு மதிப்பெண்கூடப் பெறவில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஏற்கெனவே என்ன கற்றுத் தந்தார்களோ அதைத்தான் இந்தத் தேர்வு அளந்தது. அதைக் கற்றவர்கள் தேறினார்கள். பிறகு அந்தத் தேர்ச்சிக்குத் திறமை என்று பெயர் வைத்தார்கள்.

அதே 1854-இல்தான் புனேயில் சாவித்திரிபாய் புலேயின் 'காவ்ய புலே' என்ற கவிதை நூல் வெளிவந்தது. ஆங்கிலம் கற்றுக்கொள்ளச் சொல்லும் கவிதை அதில் உண்டு. மெக்காலே குழுவைப் பற்றி அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இந்த இரண்டும் ஒரே ஆண்டில் நடந்ததை நாம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆளுகிறவர்களுக்கு ஆங்கிலம் சல்லடை. சாவித்திரிபாய்க்கு அது சாதி மறுத்த படிப்புக்குள் நுழையும் வழி. நம் மரபு இந்த இரண்டையும் சேர்த்தே சுமந்து வருகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி இன்னொன்றை மறைத்தால் வரலாறு கோணிவிடும்.

1844-லேயே ஹார்டிஞ்ச் பிரபு, அரசு வேலையில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று தீர்மானம் போட்டுவிட்டார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது, மெட்ரிகுலேஷன் தேர்வு வந்தது, அதில் ஆங்கிலம் கட்டாயமானது. அடையாறில் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் பள்ளி வந்ததோ 1894-இல்தான். அதுவும் தொடக்கக் கல்விக்கான பள்ளி. இந்த ஐம்பது ஆண்டு இடைவெளியில் சில குடும்பங்கள் இரண்டு தலைமுறை ஆங்கிலத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டன. நிலத்தைப் போலவே அதுவும் பிள்ளைக்குப் பிள்ளை கைமாறியது. சமூகவியல் வகுப்பில் பூர்தியூ இதைக் கலாச்சார மூலதனம் என்று சொல்லித் தருகிறார். 1882-இல் ஹண்டர் கமிஷன் முன் மகாத்மா புலே இன்னும் நேரடியாகச் சொன்னார்: உழைக்கும் மக்களின் வரிப்பணத்தை மேல்படிப்புக்குக் கொட்டுகிறீர்கள், அதன் பலன் பார்ப்பனர்களுக்கே போகிறது, முதலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் குறைந்தது 12 வயது வரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்குங்கள்.

சரி, ஆங்கிலத்தில் எதைச் சோதிக்கிறார்கள்? சினானிம், ஆண்டனிம், ஒப்புமை, பத்தி வாசித்து விடை சொல்வது என்ற கேள்வி வகைகள் எங்கிருந்து வந்தன என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. இவற்றைக் கூட்டம் கூட்டமாக ஆட்களைத் தரம் பிரிக்கும் கருவியாக வளர்த்தது அமெரிக்கா. முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு வைத்த அறிவுச் சோதனைகளில் வேலை செய்த கார்ல் பிரிகம், அந்த மதிப்பெண்களை வைத்து 1923-இல் ஒரு புத்தகம் எழுதினார். வடக்கு ஐரோப்பிய வெள்ளை இனமே அறிவில் மேலானது என்று அதில் நிறுவ முயன்றார். அதே பிரிகம் தலைமையில்தான் 1926-இல் எஸ்.ஏ.டி. கல்லூரி நுழைவுத் தேர்வு பிறந்தது. தன் இனவாத முடிவுகள் தவறு என்று 1930-இல் அவரே எழுதினார். ஆனால் தேர்வு நிற்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தேர்வில் வந்த ஒரு ஒப்புமைக் கேள்வியின் விடை, படகோட்டிக்கும் 'ரெகாட்டா' எனும் படகுப் போட்டிக்கும் உள்ள உறவு. பணக்காரர்களின் விளையாட்டை அறியாத கறுப்பினப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும் என்ற கேள்வி எழுந்தது. 2005-இல் ஒப்புமைக் கேள்விகளையே நீக்கினார்கள்.

நம் எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வில் முதல் கட்டத்தின் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம். இரண்டாம் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 45 கேள்விகள், 135 மதிப்பெண். இதற்காக நம் பிள்ளைகள் கையில் வைத்திருப்பது 1949-இல் அமெரிக்க வாசகர்களுக்காக நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி'. நல்ல புத்தகம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது என்ற இடியத்துக்கு அர்த்தம் கேட்கும்போது, அங்கே சோதிக்கப்படுவது எது? இங்கிலாந்தின் நியூகாசில் நிலக்கரி ஊர் என்று தெரியாத பிள்ளைக்கும் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். கருத்து அவளிடம் இருக்கிறது. ஊர்ப் பெயர்தான் இல்லை. அதற்கு மதிப்பெண் போகிறது, தவறாக விடை சொன்னால் மைனஸ் மார்க்கும் விழுகிறது.

காம்ப்ரிஹென்ஷன் கேள்விகள் இதைவிட நேர்மையானவை என்பது எங்கள் கருத்து. பத்தி கண் முன்னால் இருக்கிறது, மனப்பாடம் வேண்டாம். ஆனால் அதில் வேகம் சோதிக்கப்படுகிறது. வீட்டில் ஆங்கிலப் பேப்பர் விழுந்து வளர்ந்தவர் இரண்டு நிமிடத்தில் முடிப்பதை, மனதுக்குள் தமிழில் பெயர்த்துப் புரிந்துகொள்பவர் ஐந்து நிமிடத்தில் முடிக்கிறார். இருவரும் புரிந்துகொண்டது ஒன்றுதான்.

யூ.பி.எஸ்.சி. கதை இன்னும் சிக்கலானது. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979 முதல் எட்டாவது அட்டவணை மொழிகளில் மெயின்ஸ் எழுதலாம் என்று வந்தது. ஆங்கிலம் தகுதித் தாளாக நின்றது. இப்போது அது 300 மதிப்பெண். 25 சதவீதம் எடுத்தால் போதும், தரவரிசையில் சேராது. 2013 மார்ச்சில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண்ணைத் தரவரிசையில் சேர்ப்பதாக அறிவிப்பு வெளியிட்டு, நாடாளுமன்றம் கொந்தளித்ததும் அதே மாதம் திரும்பப் பெற்றார்கள்.

அதற்கு முன்பே, 2011-இல், பிரிலிம்ஸில் சிசாட் தாள் நுழைந்திருந்தது. அதில் ஆங்கில வாசிப்புக் கேள்விகள் ஏழெட்டுதான், ஏறக்குறைய 20 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணில் கட்-ஆஃப் தவறும் தேர்வில் 20 என்பது மலை. மற்றப் பத்திகளின் இந்தி மொழிபெயர்ப்போ, உருக்காலையை இரும்புச் செடி ஆக்கிய தரத்தில் இருந்தது. 2014 ஜூலையில் டெல்லி முகர்ஜி நகரில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 4 அன்று அந்த ஆங்கிலக் கேள்விகளின் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று அரசு சொன்னது. 2015 முதல் சிசாட் முழுவதுமே 33 சதவீதத் தகுதித் தாளானது.

அந்தப் போராட்டத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அப்போது போதிய கவனம் பெறாத ஒன்று உண்டு. பிரிலிம்ஸ் கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகிறது. தமிழ் வழியில் படித்த திண்டிவனத்துப் பெண்ணுக்கு அந்த 20 மதிப்பெண் மட்டுமல்ல, இரண்டு தாளின் 400 மதிப்பெண்ணும் ஆங்கில வாசிப்புச் சோதனைதான். சோழர் நீர்ப்பாசனம் பற்றிய கேள்வியையும் அவர் ஆங்கிலத்தில்தான் வாசிக்க வேண்டும். மெயின்ஸில் விடையைத் தமிழில் எழுதலாம். கேள்வி அங்கும் தமிழில் வராது. ஆயுதப்படைக் காவலர் தேர்வைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் நடத்த 2023-இல் உள்துறை ஒப்புக்கொண்டது. காவலர் வேலைக்கு முடிந்தது கலெக்டர் வேலைக்கு ஏன் முடியாது?

இதனால் ஆங்கிலத்தை எடுத்துவிடு என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களில் பலர் தம் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அண்ணல் அம்பேத்கருக்குப் பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்துப் படித்தார். ஆங்கிலம் அவருக்கு மறுக்கப்படவில்லை, அதில்தான் உலகத்தோடு வாதாடினார். 2010-இல் உத்தரப்பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்டத் தொடங்கியதைப் பலர் கேலி செய்தார்கள். எங்களுக்கும் கோயிலில் உடன்பாடில்லை. ஆனால் அந்தப் பசி எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

ஆகவே நாங்கள் கேட்பது வேறு. கேள்வித்தாளைத் தமிழில் கொடு. ஆங்கிலத்தைத் தகுதித் தாளாக வை, அந்த வேலைக்குத் தேவையான ஆங்கிலத்தை மட்டும் கேள். அதைச் சொல்லித் தரும் ஆசிரியரை ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு ஆறாம் வகுப்பிலேயே அனுப்பு. பட்டம் முடித்த பிறகு மூன்று மாதக் கோச்சிங் என்று ஏமாற்றாதே.

அதுவரை நம் வேலையை நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் மாலை வகுப்பில் சொல் பட்டியலை மனப்பாடம் செய்யும் பழக்கத்தை விட்டுவிட்டோம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் பேசிய உரையை ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வாரத்துக்கு இரண்டு பத்தி. முதலில் சத்தமாக வாசிப்பு, பிறகு கடிகாரம் வைத்து மௌன வாசிப்பு, பிறகு யூ.பி.எஸ்.சி. பாணியில் ஐந்து கேள்விகள். கேள்விகளை மாணவர்களே தயாரிக்கிறார்கள். தவறான விடைகளை எப்படி ஆசை காட்டும்படி அமைப்பது என்று யோசிக்கும்போதுதான் கேள்வி எடுப்பவரின் தந்திரம் பிடிபடுகிறது. போன வாரம் ஒரு பத்தியைத் தாண்டவில்லை. 'காண்ட்ரடிக்‌ஷன்' என்ற சொல்லுக்கு உதாரணம் கேட்டோம், ஆளாளுக்குத் தம் ஊரிலிருந்து ஒன்று சொல்ல ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.